காலி செய்யாத அறை

என் மனைவிக்கு நான் தர வேண்டியிருந்த கடன் முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பது. கட்டின பெண்டாட்டியிடம் என்னய்யா கடன் என்று குடோனில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பணம் அவளுடையது, செலவானது என் கணுக்காலுக்கு. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

நான் டைல்ஸ் குடோனில் சுமை ஆள். லாரியில் வரும் பெட்டிகளை இறக்கி அடுக்குவதும், வாங்குகிறவர்களின் வண்டியில் ஏற்றுவதும் வேலை. ஒரு மழை நாளில் அடுக்கு சரிந்து, ஒரு பெட்டி என் இடது காலில் விழுந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள்.

"இனிமே உங்களைப் பழைய இரும்புக்குப் போட்டாக்கூட நல்ல விலை கிடைக்கும் அத்தான்," என்றான் என் மச்சினன், ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. மனைவியின் தம்பி. முடி வெட்டும் கடை வைத்திருக்கிறான். கத்திரியும் வாயும் ஒன்றாக ஓடியே பழக்கம், கத்திரி இல்லாத இடத்திலும் வாய் நிற்காது.

அவன் அக்கா சிரிக்கவில்லை. பில் கட்டும் ஜன்னலுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். எங்கிருந்து கட்டினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

அவள் வேலை செய்வது ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரி, ஓட்டல், விடுதி என்று ஊர் அழுக்கெல்லாம் அங்கேதான் போகும். துவைத்து வந்த விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது சுருக்கமே இல்லாமல் காகிதம் மாதிரி வெளியே வரும். ஊருக்கு வெளியே பெரிய தீம் பார்க் இருக்கிறது, ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்குமாக. அதற்குள்ளேயே ஒரு ரிசார்ட் ஓட்டல். அந்த ஓட்டல் விரிப்புகளும் இவள் கை வழியாகத்தான் போகும்.

"அந்தத் துணியோட கனம் தெரியுமா உங்களுக்கு? கையில எடுத்தா தூங்குற பிள்ளையைத் தூக்கின மாதிரி இருக்கும்," என்பாள். "நாள் முழுக்க நான் அதைத் தொடுறேன். ஒரு ராத்திரி அது என்னைத் தொட்டா என்ன குறைஞ்சிடும்?"

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். விளையாட்டு இல்லை. ஓவர்டைம் காசை வீட்டுக்குக் கொண்டுவராமல், வேலையிடத்துச் சங்கத்திலேயே போட்டுச் சேர்த்திருக்கிறாள். அவளும் நானும் மகளும் அந்த ஓட்டலில் போய்த் தங்குவதற்கு. அது முழுதும் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குள் போய்விட்டது.

கால் தேறி வேலைக்குத் திரும்பிய அன்று, "உன் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்," என்றேன்.

"கொடுங்க. யாரு வேணாம்னா?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை பாருங்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. கொடுக்கத் தெம்பில்லாதவனிடம்தான் வேண்டாம் என்பார்கள்.

முதல் தவணையாக ஒரு தொகையைக் கையில் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் அது மகளின் ஸ்கூல் ஷூவாகவும் கேஸ் சிலிண்டராகவும் ஆகிவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்ததாக எப்படிச் சொல்வது? ஷூவும் சிலிண்டரும் நான் வாங்க வேண்டியவை. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பணமாகக் கொடுத்தால் அது இவளுக்குச் சேராது, வீட்டுக்குச் சேர்ந்துவிடும். ஓட்டலாகத்தான் கொடுக்க வேண்டும். வேறு எப்படிக் கொடுத்தாலும் கடன் அப்படியே நிற்கும்.

எங்கள் வீட்டு ஆடிட்டர் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. மளிகைக்கடைச் சீட்டைக்கூட ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் விடமாட்டாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க உட்கார்ந்துக்கோங்க."

"சொல்லு."

"பார்க் டிக்கெட்டோட ரெண்டு ராத்திரி. அம்பத்தெட்டாயிரம்."

உட்கார்ந்தேன்.

"ஒரு ராத்திரி மட்டும் கிடையாதா?"

"கிடையாது. டிக்கெட்டோட வேணும்னா ரெண்டு ராத்திரிதான். டிக்கெட் இல்லாம போனா ஜன்னல் வழியா ராட்டினத்தைப் பார்த்துட்டு வரலாம்."

அதற்குப் பிறகு அவள் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் விலையைப் பார்த்துச் சொல்லுவாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் உடம்புச் சூடு மாதிரி அது ஏறும், இறங்கும். வெள்ளிக்கிழமைக்கு ஒரு விலை, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை. காலையில் பார்த்தது மத்தியானம் இல்லை. டைல்ஸ் பெட்டிக்கெல்லாம் இப்படிக் கிடையாது. பெட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் விலை.

கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூட விடுமுறை முடிந்த மறுவாரம் அந்த ஓட்டலில் ஈ, காக்கா இருக்காது. அதில் நடுவார நாட்களாகப் பார்த்து, சாப்பாடு சேர்க்காமல், கூடுதல் கட்டில் கேட்காமல், முன்பணமாக முழுத்தொகையும் கட்டினால் இருபத்தெட்டாயிரத்து அறுநூறு. ஒரே ஒரு நிபந்தனை. கட்டின பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது.

அந்த வரியை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்துவிட்டு இன்னொரு முறை வாசித்தேன். எழுத்துப் படிக்கத் தெரியாத காலத்தில் இப்படிப்பட்ட வரிகள் என்னைப் பயமுறுத்தியதில்லை.

இருபத்தெட்டாயிரத்து அறுநூறு போக மீதி இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது. பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் சரியாக இருக்கும். மொத்தக் கடனும் அடைந்துவிடும். பணத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஞாயிறன்று கன்டெய்னர் இறக்கினால் பெட்டிக் கணக்கில் தனிக்கூலி. நான் வாரா வாரம், சக ஆள் ஒருவன் வீடு மாற்றுகிறான், ஒத்தாசைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

போதுமான பணம் சேர்ந்ததும் மகள் பதிவு செய்தாள். அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னோம். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதனால் அழுதாளா என்று சரியாகச் சொல்ல முடியாது.

"ஸ்கூல் திறந்தாச்சே. இவளுக்கு லீவு?" என்றாள்.

"காய்ச்சல்னு எழுதிக் கொடுத்துடலாம்மா," என்றாள் மகள்.

"பொய் சொல்லிட்டுப் போயா அந்த மெத்தையில படுக்கணும்? தூக்கம் வரும்?"

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அவளே பள்ளிக்கூடத்துக்குப் போய், உள்ளதை உள்ளபடி வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டாள். டீச்சர் யோசிக்காமல் லீவு கொடுத்தாராம். எந்த வாரம் விலை குறைவு என்று விவரமாகக் கேட்டுக்கொண்டாராம்.

மச்சினன் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். நாலு சக்கரத்தில் ஒன்று சுற்றாது.

"அந்தக் காசுக்கு என் கடையில நீங்க ஆயுசு முழுக்க முடி வெட்டிக்கலாம் அத்தான்."

"வெட்டிக்க முடி இருக்கணுமேடா," என்றாள் அவன் அக்கா, பெட்டியைத் துடைத்தபடி.

"இருக்கிற மூணு முடிக்கு மூணு நாள் தள்ளிப் பணம் கொடுக்கிற ஆளு, ஓட்டல்காரனுக்கு முன்கூட்டியே கொடுத்துட்டாரு பாரு. எல்லாம் உனக்காகத்தான்க்கா." சொல்லிவிட்டு அவனுக்கே கூச்சம் வந்து, சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தான். அப்போதும் அது சுற்றவில்லை.

ரொட்டி, ஜாம், வேகவைத்த முட்டை, வாழைப்பழம், வறுத்த கடலை. இரண்டு நாள் சாப்பாடு பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டது. பஸ் எங்களை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து ஓட்டல் வாசல் வரை போகிற பாதை கார்களுக்கென்று போட்டது, நடக்கிறவர்களுக்கு ஓரம்கூட இல்லை. புல்லில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

வாசலில் இருந்த காவலாளி, "வேலைக்கா? பின்வாசல் வழியா போங்க," என்றார்.

"தங்க வந்திருக்கோம்," என்றாள் மகள், போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டி.

அவர் பார்த்தார். எங்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்குங்கண்ணே. நடந்து வந்தவங்களை நான் இங்க பார்த்ததே இல்ல," என்று சொல்லி, சுற்றாத சக்கரத்தோடு பெட்டியைக் கவுண்டர் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை.

அறை நாலாவது மாடியில். கதவைத் திறந்ததும் மகள் ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெரிய ராட்டினம், கைநீட்டினால் ஒரு தொட்டியைப் பிடித்துவிடலாம் போல. என் மனைவி ஜன்னல் பக்கமே போகவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள். விரிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நம்ம மெஷின்தான். மூலையில கிள்ளினாப்பல ஒரு கோடு விழுது பாருங்க. எத்தனை தடவை சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"படுத்துப் பாரேன்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். கை காலைக் கழுவிவிட்டு வந்தாள். பிறகு மெதுவாகப் படுத்தாள், பழக்கமில்லாத குளத்தில் இறங்குகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மகளும் காத்துக்கொண்டு நின்றோம்.

"எப்படியிருக்கு?" என்றேன்.

"கஞ்சி கொஞ்சம் ஜாஸ்தி," என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே தூங்கிப்போனாள். அவ்வளவு சீக்கிரத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. மகளும் நானும் சத்தம் காட்டாமல் தரையில் உட்கார்ந்து கடலை கொறித்தோம்.

மறுநாள் காலையில் நான் விழித்தபோது அவள் குளியலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஆள் வருவாங்கம்மா," என்றாள் மகள் போர்வைக்குள்ளிருந்து.

"வர்றதும் என்னைப் போல ஒருத்திதானே. எந்திரி, அந்தப் போர்வையைக் கொடு."

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. இன்னொருத்தர் இடத்தில் தங்கினால், வந்த சுவடு தெரியாமல் விட்டுவர வேண்டும். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். குழாயைத் துணி போட்டுத் துடைத்தாள். பிறகு கட்டிலுக்கு வந்தாள். லாண்டரிக்கு வருகிற அழுக்கில் பாதித் தொல்லை, ஈரத்துண்டையும் காய்ந்த விரிப்பையும் ஒன்றாகச் சுருட்டிப் போடுவதால்தானாம். ஒரு ராத்திரிக்குள் கறை ஏறிவிடுமாம். அதனால் விரிப்பையெல்லாம் உருவித் தனியாக ஒரு மூட்டை, துண்டையெல்லாம் தனியாக ஒரு மூட்டை. லாண்டரிக்காரர்களுக்கு எப்படி வேண்டுமோ அப்படி முடிச்சுப் போட்டு, கதவுக்கு வெளியே வைத்தாள். புது விரிப்பு போட வருகிறவளுக்குக் குனிகிற வேலை மிச்சம் என்று அவள் எண்ணம். குப்பைக்கூடையில் இருந்த முட்டை ஓட்டையும் பழத்தோலையும் மகள் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். வெளியே போகும்போது போட்டுவிடலாம் என்று.

மிச்சம் இருந்தது எங்கள் பெட்டி. அதை அறையில் விட எனக்கு மனம் வரவில்லை. நான் தங்கியிருந்த விடுதிகளில், கண்ணை மூடித் திறப்பதற்குள் தலைமாட்டிலிருந்த சட்டை காணாமல் போகும். எனவே பெட்டியையும் எடுத்துக்கொண்டோம்.

தீம் பார்க்குக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனவர்கள் அன்று நாங்கள் மட்டும்தான். மூன்று சக்கரம் உருண்டது, ஒன்று கிரீச்சிட்டது. ராட்டினத்துக்கு ஆள் ஏற்றுகிற பையன், "கிளம்பிட்டீங்களா சார்?" என்றான்.

"இல்லப்பா. இப்பத்தான் வந்திருக்கோம்."

அவன் பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, தடுப்புக் கம்பியைத் திறந்துவிட்டான்.

வரிசைகள் நீளமில்லை, மகள் சொன்னது சரிதான். ஆனாலும் நின்றால் எனக்குக் கால் வலிக்கும். அதனால் நான் பெட்டிமேல் உட்கார்ந்து காவல் காத்தேன். தாயும் மகளும் எதில்தான் ஏறவில்லை? கடைசியில் அந்தத் தலைகீழாகப் போகிற ரயிலில் ஏறினார்கள். வீட்டில் நாற்காலிமேல் ஏறிப் பரண் பாத்திரத்தை எடுக்கச் சொன்னால் தலைசுற்றுகிறது என்பாள் என் மனைவி. அங்கே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தாள். அத்தனை சத்தத்திலும் அவள் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. இறங்கி வரும்போது தலைமுடியெல்லாம் கலைந்து கிடந்தது.

"இன்னொரு தடவை போகலாமா?" என்று மகளிடம் கேட்டாள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா தனியாகவே போனாள்.

நிழல் நீள ஆரம்பித்ததும் அறைக்குத் திரும்பினோம். சாவிக்குப் பதிலாகக் கொடுத்திருந்த அட்டையைக் கதவில் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்தேன். சட்டையில் துடைத்து வைத்தேன். உள்ளேயிருந்து ஒரு குழந்தையின் குரல், "யாரு?" என்றது.

கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஒரு குடும்பம். நாங்கள் படுத்த கட்டிலில் அவர்களுடைய பொம்மைகள் கிடந்தன.

கீழே கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சார், நீங்க காலையிலேயே ரூமைக் காலி பண்ணிட்டதா இருக்கே."

"நாங்க எங்கம்மா காலி பண்ணோம்? இன்னைக்கு ராத்திரிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டியிருக்கு."

"ஹவுஸ்கீப்பிங்ல காலின்னு போட்டிருக்காங்க. மத்தியானம் ஒரு கம்பெனி விழாவுக்குக் குடும்பம் குடும்பமா ஆள் வந்தாங்க சார். இருக்கிற ரூம் எல்லாம் கொடுத்தாச்சு."

திருப்பித் தரப்பட மாட்டாது என்ற வரி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு ராத்திரிதான் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று போயிற்று. பாதிக் கடன் மறுபடி என் தலைமேல். அதுகூடப் பெரிதில்லை. இவள் முகத்தில் ரயிலின் சிரிப்பு இன்னும் முழுசாக ஆறவில்லை. அது ஆறுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே.

மேனேஜர் வந்தார். சின்ன வயசுதான், தூக்கமில்லாத கண். அறையைப் பார்த்த பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அம்மாவுக்கு என் மனைவி வயசு இருக்கும். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி வந்து நின்றாள்.

"காலின்னு நீதானே போட்டே?"

"ஆமா சார். துணியெல்லாம் மூட்டை கட்டி வெளியில இருந்துச்சு. உள்ள ஒரு சீப்பு, ஒரு செருப்பு கிடையாது. கூடையில ஒரு தாள்கூட இல்ல. பாத்ரூம் காய்ஞ்சு கிடந்துச்சு. ஆள் இருக்கிற ரூம் அப்படி இருக்குமா சார்?"

"கீழ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கணும் இல்ல?" அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "சார், இது எங்க ஆள் தப்புன்னா நான் எழுதிக் கொடுத்து உங்களுக்குப் பணம் வாங்கித் தர்றேன். நீங்க கிளம்பறதா யார்கிட்டயும் சொல்லலையே?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை என்பது உண்மை. ஒரே வார்த்தை சொன்னால் போதும், பதினாலாயிரத்து முந்நூறு.

என் மனைவி அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "எழுதிக் கொடுத்தா உங்களுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்களா?"

அந்த அம்மா திரும்பி மேனேஜரைப் பார்த்தாள்.

"அவங்க சரியாத்தான் பார்த்திருக்காங்க," என்றாள் என் மனைவி. "மூட்டை கட்டினது நான். துடைச்சது நான். பெட்டியைத் தூக்கிட்டுப் போனது எங்க வீட்டுக்காரர். நானே வந்து பார்த்திருந்தாலும் காலின்னுதான் போட்டிருப்பேன். தப்பு எங்களோடது. எழுதறதா இருந்தா அப்படி எழுதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே, அவளை நான் வேறு மாதிரி பேச விட்டிருக்க மாட்டேன் என்றும் தோன்றியது.

"நீங்க கட்டின மூட்டையா அது?" என்றாள் அந்த அம்மா மெதுவாக. "ஈரம் தனியா, காய்ஞ்சது தனியா. இந்த ஓட்டல்ல இத்தனை வருஷத்துல அப்படி ஒரு மூட்டை பார்த்ததில்லைக்கா. அவிழ்க்க மனசு வராம அப்படியே வண்டியில ஏத்தினேன்."

"எந்த வண்டி? நாலு மணி வண்டியா? அப்போ நாளைக்கு என் ஷிஃப்ட்ல... இல்ல, நாளைக்கு நான் லீவு. என் ஜோடிகிட்டதான் போகும்."

இருவரும் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். எந்தச் சோப்பு, எந்தச் சூடு, யார் சூப்பர்வைசர் என்று. மகள் என் சட்டையை இழுத்தாள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு புரியல மேடம். நான் உங்களுக்குப் பணம் தர்றேன்னு சொல்றேன், நீங்க வேணாம்னு சண்டை போடறீங்க."

"வேணாம்னு சொல்லல. அவங்க பேர்ல தர வேணாம்னு சொன்னேன்."

அவர் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தட்டினார். கவுண்டர் பெண்ணிடம் ஏதோ சொன்னார். பிறகு, "இங்க பாருங்க. யார் தப்புங்கிறதை விட்டுடலாம். உங்க ரூமை இன்னைக்கு ராத்திரிக்கு நான் இன்னொருத்தருக்கு வித்துட்டேன். ஒரே ரூமுக்கு ஒரே ராத்திரி ரெண்டு பேர்கிட்ட காசு வாங்கினா எங்க கணக்குல இடிக்கும். அதனால உங்க காசு உங்களுக்கு. யார் பேரும் எழுத வேண்டியதில்ல. ரூம்தான் இல்ல. பின்பக்கம் டிரைவருங்க தங்கற ரூம் ஒண்ணு இருக்கு. அதுல படுத்துக்கறதா இருந்தா சும்மாவே தர்றேன். பரவாயில்லையா?"

ராட்டினம் தெரிகிற அறைக்குப் பணம் கட்டி வந்தவர்களிடம் டிரைவர் அறையைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

டிரைவர் அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் சட்டை மாட்ட ஆணிகள். ஜன்னலைத் திறந்தால் குப்பை வண்டியும் சமையலறையின் பின்கதவும். விரிப்பு சாதாரண வெள்ளைத் துணி. அவள் தடவிப் பார்த்து, "இது நம்மது இல்ல," என்றாள். அந்த ஹவுஸ்கீப்பிங் அம்மா ஒரு பிளாஸ்கில் டீயும் நாலு தலையணையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கட்டி வைக்காதீங்கக்கா, அப்படியே போட்டுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் கவுண்டரில் வாங்கிய நோட்டுகளை மனைவியின் முன்னால் வைத்தேன்.

"என்ன இது?"

"பதினாலாயிரத்து முந்நூறு. உன் கடன்ல பாக்கி. ஓட்டலாத்தான் கொடுக்கணும்னு நினைச்சேன். பாதிதான் ஓட்டலா ஆச்சு. மிச்சத்தைக் காசாவே வெச்சுக்கோ. இல்லன்னா வெச்சிருந்து அடுத்த வருஷம் இன்னொரு ராத்திரி வருவோம். விலை ஏறியிருக்கும். ஏறினதை நான் போட்டுக்கறேன்."

"எங்கேர்ந்து போடுவீங்க?"

"சேர்ப்பேன்."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா யாராவது வீடு மாத்துவாங்களா?"

நான் மகளைப் பார்த்தேன். மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"அவளைப் பார்க்காதீங்க. அவ வாயே திறக்கல. வாரா வாரம் வீடு மாத்த அவன் என்ன சர்க்கஸ்காரனா? சாயங்காலம் வரும்போது சட்டையெல்லாம் டைல்ஸ் தூசி. அதைத் துவைக்கிறது யாரு? ராத்திரி காலைத் தூக்கித் தலையணைமேல வெச்சாத்தான் தூக்கம் வருது உங்களுக்கு. நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு வைப்பீங்க." டீயை மூடியில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "நான் பணம் கட்டினது எதுக்கு? அந்தக் கால் ஒழுங்கா இருக்கணும்னு. அதே காலை வெச்சு மூட்டை சுமந்து அந்தப் பணத்தை எனக்கே திருப்பித் தர்றீங்க. இது என்ன கணக்குன்னு இந்த ஆடிட்டரையே கேளுங்க."

"நஷ்டக் கணக்குப்பா," என்றாள் மகள், மேலே பார்த்தபடியே.

"முதல்லயே ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க. நான் இங்க வந்திருக்க முடியாது." இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கும் ஆசைதான். அதான் பேசாம இருந்தேன். தினமும் உங்க காலைப் பார்ப்பேன், காலண்டரைப் பார்ப்பேன்."

சமையலறைப் பின்கதவில் யாரோ பாத்திரம் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. நான் டீயைக் குடித்தேன். சூடு சரியாக இருந்தது.

அவள் நோட்டுகளை எடுத்து எண்ணாமலே மடித்தாள். "இது எனக்கு. வாங்கிக்கிட்டேன். நேத்து ராத்திரியும் வாங்கிக்கிட்டேன், ரயிலும் வாங்கிக்கிட்டேன். இன்னும் ஏதாவது பாக்கி நிக்குதுன்னா அதைத் தள்ளிட்டேன். ஆனா ஒண்ணு. இனிமே ஞாயித்துக்கிழமை குடோனுக்குப் போனீங்க, வட்டியோட திரும்பக் கேப்பேன்."

"நடுவுல அவசரம்னு மொதலாளி கூப்பிட்டா?"

"வீடு மாத்தறோம்னு சொல்லுங்க."

மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சரி," என்றேன்.

"சரின்னா?"

"சரின்னா போகமாட்டேன். உனக்கும் எனக்கும் ஒண்ணும் பாக்கி இல்ல."

"இவ சாட்சி," என்றாள்.

மகள் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, முப்பத்தோராயிரத்து நானூற்று எண்பதும் அடைந்துவிட்டதாக அறிவித்தாள். பிறகு சாட்சிக் கூலியாக ஜாம் தடவிய ரொட்டி இரண்டு கேட்டாள்.